எதை முதலில் ஓட்டினாய்

...இல்லை, இப்படி வரக்கூடாதே, லேப்டாப்பை அணைத்துப் போட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம், அதே இரண்டு ஜிபி ஃபைல், முதலில் நான் ரஸ்ட் மொழியில் எழுதிய புரோகிராம், பிறகு சங்கமித்ரா பைத்தானில் எழுதியது... மறுபடியும் அதேதான், என்னுடையது ஒன்பது நொடி, அவளுடையது இரண்டரை. போன மாதம் மீட்டிங்கில் திரையில் போட்டுக் காட்டியது இதற்கு நேர் தலைகீழ், மேனேஜர் ஸ்ரீஹர்ஷா 'சூப்பர் குரு' என்று கன்னடத்தில் பாராட்டி முதுகில் தட்டினார். திங்கட்கிழமை அவருக்குக் காட்ட வேகத்தை ஒப்பிடும் ஒரு படம் வேண்டுமென்று உட்கார்ந்தவன், கை தவறி வரிசையை மாற்றிவிட்டேன், அவ்வளவுதான், குட்டு உடைந்தது. எவ்வளவு பெரிய மடையன் நான், ஒரு ஃபைலை முதல் தடவை மட்டும்தான் கம்ப்யூட்டர் டிஸ்க்கிலிருந்து படிக்கிறது, அடுத்த தடவை ஞாபகத்தில் இருப்பதை எடுத்து நீட்டிவிடுகிறது, இது காலேஜ் பையனுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு அவள் புரோகிராம் மூச்சு வாங்க இழுத்து வந்ததை என்னுடையது உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது, அதற்கு வேகம் என்று பெயர் வைத்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், பெங்களூர் அல்சூர் ரூமில் ஃபேன் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை, இதைச் சொல்ல ஆளில்லை, சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வருகிறவள், இரண்டு வருஷம் டப்பாவில் எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்தாள், 'துன்னுடா ராகவ், எளைச்சுப் போய்ட்ட' என்பாள். அந்த மீட்டிங்குக்குப் பிறகு அவள் வேறு டீம், வேறு மாடி, லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையாட்டல். நான் கேன்டீனில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தனியாகத் தின்கிறேன். திங்கட்கிழமை அவளுடைய எட்டு மாத வேலையைத் தூக்கிவிட்டு என்னுடையதைப் போடப்போகிறார்கள், இன்றைக்கே சொல்லிவிட்டால் நிறுத்திவிடலாம்... 'ஒரு விஷயம்' என்று டைப் செய்து அழித்தேன், மறுபடி டைப் செய்தேன். எப்படிச் சொல்வது, அன்றைக்கு அவள் ஒரே ஒரு கேள்விதானே கேட்டாள், பக்கத்து நாற்காலியிலிருந்து, மெதுவாக, 'எத முதல்ல ஓட்டுன?' நான் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் பதில் சொன்னேன், வரிசையில் என்ன இருக்கிறது என்று, அறையே சிரித்தது. அந்த மேஜையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு அப்போதே புரிந்திருக்கிறது, மற்றவர்களுக்குத் தெரியவேண்டாம் என்றுதான் தமிழில் கேட்டிருக்கிறாள்.