கிருஷ்ணகிரியில் நின்ற பணம்

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் ராஜலட்சுமி வேலை செய்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவன் தங்கதுரை வேறொரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் எந்திரம் ஓட்டினான். சொந்தமாகப் பழைய லேத் ஒன்று வாங்குவதற்காக இருவரும் பல வருஷம் சேர்த்த பணம் அவள் பெயரில் வங்கியில் இருந்தது.

2007-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரவுசிங் சென்டரில் மெயில் பார்த்தபோது வங்கி அனுப்பியதுபோல் ஒரு தகவல் வந்திருந்தது. விவரங்களை உறுதி செய்யாவிட்டால் கணக்கை நிறுத்திவிடுவார்களாம். கீழே இருந்த இணைப்பைத் திறந்தாள். வங்கியின் பக்கம் போலவே அதே நிறம், அதே சின்னம். பதற்றத்தில் பாஸ்வேர்டு உட்பட கேட்டதையெல்லாம் அடித்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஏ.டி.எம்.மில் பார்த்தால் பணம் இல்லை.

வங்கிக்கு ஓடினாள். பணம் கிருஷ்ணகிரியில் ஒருவர் கணக்குக்குப் போயிருக்கிறது, நிறுத்தச் சொல்கிறேன், ஆனால் இப்படிப் போகும் பணத்தை உடனே எடுத்துவிடுவார்கள் என்றார் மேலாளர். வீட்டில் தங்கதுரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுவே அவளை அதிகம் அழவைத்தது.

மறுநாள் மதியம் மேலாளர் போன் செய்தார். பணம் அப்படியே இருக்கிறது, திரும்ப வாங்கிவிடலாம், அந்தக் கணக்குக்காரரே காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார் என்றார். இருவரும் உடனே கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினார்கள்.

ஸ்டேஷன் பெஞ்சில் அந்தக் கணக்குக்காரன் கங்கப்பன் உட்கார்ந்திருந்தான். மாங்கூழ் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றுபவன். பக்கத்தில் அவன் மனைவி முனிலட்சுமி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. பகுதிநேர வேலை என்று கன்னடத்தில் பேசிய ஒருவன் போனில் ஆசை காட்டியிருக்கிறான். கணக்கில் வரும் பணத்தை எடுத்து அவன் சொல்லும் ஆளிடம் கொடுத்தால் கமிஷன். கங்கப்பனும் நம்பிவிட்டான். பணம் எடுக்கப் போன இடத்தில்தான், அனுப்பியது யார் என்று வங்கி கவுன்ட்டரில் கேட்டிருக்கிறான்.

"கம்பெனி பணம்னா கம்பெனி பேர்ல தானுங்களே வரணும்? யாரோ ஒரு பொம்பள பேரு சொன்னாங்க. அதுக்கு மேல எனக்குக் கை வரலீங்க" என்றான்.

அவனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருக்கலாம் என்று இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம். ராஜலட்சுமி அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"என் பணத்த இவரு எடுக்கல சார். அது போயிரக் கூடாதுன்னுதான் இங்க வந்து உக்காந்திருக்காரு. இவர வீட்டுக்கு அனுப்புங்க. எழுத்துல கேட்டாலும் எழுதித் தாரேன்."

எழுதிக் கொடுத்தாள். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அவனை அனுப்பினார்கள்.

கங்கப்பனும் முனிலட்சுமியும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் தங்கதுரை அவர்களை எதிர் ஓட்டலுக்கு அழைத்துப் போனான். கங்கப்பன் தலை நிமிராமல் சாப்பிட்டான். முனிலட்சுமி சோற்றைப் பிசைந்துகொண்டே, "உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, ஸ்டேஷனுக்குப் போவாதன்னு நாந்தான் அழுதேன். எம் பேச்சக் கேட்டிருந்தா உங்க பணம் போயிருக்கும்மா" என்றாள்.

"உங்க எடத்துல நான் இருந்தா நானும் அப்படித்தான் அழுதிருப்பேன் அக்கா" என்றாள் ராஜலட்சுமி. முனிலட்சுமியின் இலைக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னாள்.

பஸ் கிளம்பும் நேரத்தில் கங்கப்பன் தள்ளுவண்டியில் மாம்பழம் வாங்கிவந்து ஜன்னல் வழியே நீட்டினான். நாங்களல்லவா உங்களுக்குத் தர வேண்டும் என்று தங்கதுரை தயங்கினான். ராஜலட்சுமி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.