பூஜை அறைக் கதவில் அணில் தோல்

“ஏனுங்க, தோலை உரிச்சு ஒட்டுன கதவுக்குப் பின்னாடி என்ற முருகனை உக்கார வெக்க மாட்டேன். சொல்லிப்போட்டேன்!”

“தோல் எங்க சாந்தி இருக்குது? அது பெயின்ட்டு!”

“பெயின்ட்டுல ஆட்டுக்கால் வரைஞ்சு சாமி ரூம்ல மாட்டுவீங்களா?”

சண்டை போட்டுக்கொண்டிருந்தது சேனாபதியும் அவர் மனைவி சாந்தியும். இங்கே அமெரிக்காவில், ஆலன் ஊரில், எங்கள் தெருக்கோடியில் புது வீடு கட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலை கிரகப்பிரவேசம். நான் என் மடக்கு நாற்காலிகளை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் என் நாற்காலிகளுக்குத்தான் அழைப்பு வரும், அப்புறம்தான் எனக்கு. கராஜ் கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

விஷயம் இதுதான். குடும்பப் பெயரை டைப் செய்தால், ஐரோப்பியப் பிரபுக்கள் வைத்திருந்த மாதிரி ஒரு கேடயச் சின்னம் அனுப்புகிற வெப்சைட் ஒன்று சேனாபதிக்குக் கிடைத்தது. சேனாபதி என்றால் தளபதி, ஆகவே பரம்பரை தளபதி. அவருடைய தாத்தா பெருந்துறையில் கடலை எண்ணெய் செக்கு ஓட்டினார் என்பதை வெப்சைட் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வந்த கேடயத்தில் மேலே ஒரு சிங்கம். கீழே நீலமும் வெள்ளையுமாக, வரிசை வரிசையாக மணி மணியான வடிவங்கள்.

நம் ஊர்க்காரர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? பூஜை அறைக் கதவு மணிதான். நிஜ மணி மாட்டினால் பக்கத்து அறையில் இவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது கிணுகிணுக்குமாம். அதனால் கான்ட்ராக்டரைப் பிடித்து அந்த டிசைனைக் கதவு முழுக்க வரையச் சொல்லிவிட்டார். பாதி மணி தலைகீழாகத் தொங்குகிறதே என்று நானே அவரிடம் கேட்டேன். “ராயல் டிசைன் அப்படித்தாங்க இருக்கும்” என்றார். அமெரிக்காவில் மணிகூட இஷ்டத்துக்குத் தொங்கலாம் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் வாழைமரம் கட்ட வந்த ஜெயபிரகாஷ் பேசாமல் இருக்கவில்லை. அவர் சாஃப்ட்வேர் டெஸ்டர். எதிலாவது தப்பு கண்டுபிடிக்காவிட்டால் சாப்பாடு இறங்காது. போதாக்குறைக்கு, வருஷா வருஷம் பிளாஸ்டிக் கவசம் மாட்டிக்கொண்டு இங்கே நடக்கிற அந்தக்கால ஐரோப்பியத் திருவிழாவுக்குப் போகிறவர். நான் உள்ளே நுழைந்தபோதும் அவர் விளக்கிக்கொண்டேதான் இருந்தார்.

“அண்ணா, இதுக்குப் பேரு வேர். மரத்து வேர் இல்ல, அணில் தோலு. ஐரோப்பா அணிலுக்குக் குளிர்காலத்துல முதுகு நீலச் சாம்பலா இருக்கும், வயிறு வெள்ளை. முதுகுத்தோல் ஒண்ணு, வயித்துத்தோல் ஒண்ணுன்னு மாத்தி மாத்தித் தைச்சு, கோட்டுக்கு லைனிங் போடுவாங்க. அதைத்தான் கேடயத்துல இப்படி வரைவாங்க. நீலம் நேரா, வெள்ளை தலைகீழா.”

“அப்ப இது எல்லாம் அணிலா?” சாந்தி கதவை மேலிருந்து கீழே பார்த்தார். கட்டட வேலை நடந்தபோதே தினமும் வந்து பின்கட்டில் அணிலுக்கு நிலக்கடலை வைத்த பெண்மணி அவர். அதே அணில், குடிவருவதற்கு முன்பே தான் அங்கே நட்ட தக்காளியைக் கடித்துப் போடுகிறது என்று பொறி வாங்கி வைத்திருப்பவர் சேனாபதி. குடும்பம் என்றால் இப்படி ஒரு ஒற்றுமை வேண்டும்.

“சிவபெருமானே புலித்தோல் கட்டியிருக்காரு, தெரியுமா?” என்றார் தளபதி.

“அவரு சாமி. நீங்க கட்டிப் பாருங்க, போலீஸ் வந்து நிக்கும்.”

“ஜெயபிரகாஷ், உன்னை எவன் கேட்டான்?”

“அண்ணா, நல்லவேளை வேர் கிடைச்சுது. எர்மின்னு இன்னொண்ணு இருக்கு. கீரி மாதிரி ஒரு பிராணியோட வெள்ளைத் தோல், அதுல கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வால்.”

அதைக் கேட்டதும் சாந்தி முருகன் படத்தைத் தூக்கிக்கொண்டார். “நான் இதை டைனிங் டேபிள்ல வெச்சுக் கும்பிட்டுக்கறேன். நாளைக்கு வர்றவங்ககிட்ட ஏன்னு நீங்களே சொல்லிக்கங்க.”

சேனாபதியின் முகம் செத்துவிட்டது. இந்த வீட்டுக்கு ஒத்துக்கொள்ளும்போது சாந்தி கேட்டது ஒரே ஒரு பூஜை அறைதான். இத்தனை வருஷமாக அபார்ட்மென்ட் கிச்சன் கேபினெட்டில், மிளகாய்ப்பொடிக்குப் பக்கத்தில் இருந்தார் முருகன். கான்ட்ராக்டருக்கு போன் போட்டால், அதை அழிக்கத் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றான்.

சோபாவிலிருந்து அவர்கள் பெண் கயல் போனை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “மாம், ஜஸ்ட் கிவ் தெம் ஸ்ட்ரைப்ஸ். லைக் ராமா’ஸ் ஸ்குரல்.” ராமர் முதுகைத் தடவிக் கொடுத்து மூன்று கோடு விழுந்த அந்த அணிலைத்தான் சொன்னாள்.

சாந்தி முருகன் படத்தை டேபிளில் வைத்தார். பிறகு விபூதியைக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். மூன்று விரலால் முதல் நீல வடிவத்தின் மேல் நெடுக்காக மூன்று கோடு இழுத்தார்.

“ராமர் தடவுனா அது உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். நீலத்துக்கு மட்டும் போடுங்க. வெள்ளை வயிறு, அதுல கோடு கிடையாது. மேல் வரிசை உங்க பொறுப்பு. ஏறுங்க!”

பரம்பரை தளபதி என் மடக்கு நாற்காலி மேல் ஏறி, சாயங்காலம் வரை அணில்களுக்குக் கோடு போட்டார். கோடு போட்ட வேர் உலகத்தில் எந்தக் கேடயத்திலும் கிடையாது என்று ஜெயபிரகாஷ் கீழே நின்று வருத்தப்பட்டார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

மறுநாள் வந்த குருக்கள் கதவைப் பார்த்துத் திகைத்தார். “விபூதியிலே நாமமா? பேஷ், இப்படி நான் எங்கேயும் பார்த்ததில்லை” என்று சொல்லிவிட்டு சங்கல்பம் செய்துவைத்தார். சாந்தி முருகனை உள்ளே வைத்து விளக்கேற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. கேலியை விட்டுவிட்டு நானும் கை கூப்பினேன்.

சாப்பாட்டுப் பந்தியில் வந்தது சாந்தியின் தீர்ப்பு. “சாமி கதவுல இருக்கறதைப் பொறி வெச்சுப் பிடிப்பீங்களா? அந்தப் பொறியை இன்னைக்கே திருப்பிக் குடுத்துருங்க.” சேனாபதி ரசத்தைப் பார்த்தபடி தலையாட்டினார். இப்போது அணில்கள் காலையில் நிலக்கடலை, மத்தியானம் தக்காளி என்று மரியாதையாகச் சாப்பிடுகின்றன.

சேனாபதிதான் என்னை எழுதச் சொன்னார், அதனால் கேட்கிறேன். அணிலுக்கு வலிக்காமல் தக்காளியைக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். பொறி, மருந்து என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். சாந்தியும் இந்தக் குழுவில் இருக்கிறார்.