சும்மாவுக்குப் போட்ட எண்

பதினொன்றாவது தடவையாக மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது எங்கள் அறையில் யாரும் பேச மாட்டோம். பேச ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவுதான். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேசை மேல் தேடிக்கொண்டிருந்தார். திரையில் நாற்பது சதவீதம் என்று வந்து நின்றது.

மாதிரி என்றால் கணினிக்குள் இருக்கும் ஒரு மாவட்டம். அதில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது வீடுகள். எவ்வளவு நிலம், எத்தனை மாடு, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுப்பாளர்கள் வீடுவீடாகப் போய் எழுதி வந்த படிவங்களை, நானும் எதிர் மேசை அண்ணனும் எண்களாக்கி உள்ளே ஏற்றினோம். அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால் அந்த வீடுகள் என்ன செய்யும், வருமானம் ஏறுமா இறங்குமா என்று மாதிரி சொல்லும். அதை உருவாக்கியவர் மேடம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "மாதிரின்னாலே ஒரு மாதிரிதாம்மா இருக்கும். பயப்படாத" என்று சொன்னார்.

இந்த முறை கேள்வி பால் சேகரிப்பு நிலையங்களைப் பற்றியது. சின்ன நிலையங்களில் பாதியை மூடிவிட்டு மீதியைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? கேட்பது பால்வளத் துறை. துறையின் சார்பில் ஓர் அதிகாரி வாரம் இரண்டு முறை வருவார். எதைக் கேட்டாலும் "நாளைக்குள்ள குடுத்துடுங்க" என்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'நாளைக்குள்ள' சார்.

மூடப்போகிற நிலையங்களின் பட்டியலில் நாற்பத்து மூன்றாவது வரியில் என் அக்கா பால் ஊற்றும் நிலையம் இருந்தது. அக்கா வீட்டிலிருந்து அது எட்டு நிமிட நடை. அதை மூடினால் அடுத்தது மூன்றரை கிலோமீட்டர். காலையும் மாலையும், பதினான்கு லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அக்காவின் வலது தோள் ஒரு வருடமாக மேலே எழும்புவதில்லை. இடது கையால்தான் தலை வாருகிறாள். பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். அந்த வரியைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்போடு நின்ற என்னை நம்பி வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் என் அக்காவைப் பற்றி என்னவென்று பேசுவது?

மாதிரி ஓடி முடிந்தது. 'குடும்ப வருமானத்தில் மாற்றம்: கிட்டத்தட்ட இல்லை.'

"இருபது தடவை ஓட்டினாலும் இதான் வரும்போல" என்றார் மேடம்.

"அப்ப மூடிடலாம்னு அர்த்தம்" என்றார் அண்ணன். "நாளைக்குள்ள சார் இன்னைக்கே டீ வாங்கித் தருவாரு பாருங்க."

"அவரு டீ வாங்கித் தந்துட்டாலும்" என்று மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை நான் எழுந்தபோது அக்கா சாணி அள்ளி, பால் கறந்து முடித்து, மூன்றாவது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் மர அறுவை மில்லில் நின்று வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவருக்கு உட்காரக் கிடைக்கும்.

"நிலையத்தை மூடுறாங்களாமே, நெசமாடி?" என்று அக்கா கேட்டாள். "பால் அளக்குறவரு சொன்னாரு."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அக்கா கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு அவளே பேச்சை மாற்றினாள்.

"உங்க ஆபீசுக்காரர் ஒருத்தர் படிவம் எழுத வந்தாருல்ல, அந்தக் கூத்தைச் சொன்னேனா? உன் மாமாகிட்ட கேக்குறாரு, உங்க வீட்டம்மா என்ன பண்றாங்கன்னு. இவரு சொல்றாரு, 'அவ சும்மாதான் இருக்கா'ன்னு. நான் அப்ப என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனைக்கிற? கேனைத் தூக்கிட்டு அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போறேன்! அந்த மனுஷன் காலை மடக்கி எனக்கு வழி விட்டுட்டு, 'சும்மா'ன்னு எழுதிக்கிறாரு!"

மாமா பேப்பரைத் தாழ்த்தினார். "சம்பளத்துக்கு எங்கயும் போகலைன்னுதான்டி சொன்னேன். சும்மான்னா சும்மாவா?"

"பின்ன என்னவாம்?"

"சும்மான்னா… சம்பளம் இல்லாம சும்மா செய்றா. அதத்தான் சொன்னேன். எல்லாருக்கும் புரியும்."

அக்கா சிரித்தாள்.

ஆபீசில் எங்களுக்குப் புரிந்திருக்கவில்லை. எண் போடுவதற்கு எங்களிடம் ஒரு சிறிய கையேடு உண்டு. வேலை இல்லாதவருக்குப் பூஜ்யம். கூலியில்லாமல் வீட்டுக்கு உழைப்பவருக்கு ஒன்பது. படிவங்களில் வந்ததோ இந்த இரண்டும் இல்லை, 'சும்மா' என்ற ஒரே சொல். முதல் நாளே நான் அண்ணனிடம் கேட்டேன். "சும்மான்னா பூஜ்யம்தான். இதுக்குப் போய் மேடத்தைத் தொந்தரவு பண்ணுவியா?" என்றார். போட்டேன். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் போட்டேன்.

பூஜ்யம் வாங்கியவருக்கு நாள் முழுவதும் ஓய்வு என்றுதான் மாதிரி நினைக்கும். நிலையம் தூரமாகப் போனால் என்ன, சும்மா இருப்பவர் நடந்துவிட்டு வரட்டும் என்று கணக்கிடும். அதனால்தான் பதினொரு தடவையும் மாற்றம் இல்லை என்று வந்தது.

திங்கட்கிழமை மேடத்திடம் நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் டீ கிளாசுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். மேடம் ஒரு முறை படித்தார். கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"யாரு சொன்னது இது?"

"எங்க மாமா, மேடம்."

"மாமா என்ன படிச்சிருக்காரு?"

"அஞ்சாவது."

"நான் இதுக்கு எட்டு வருஷம் படிச்சேன்" என்றவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "எத்தனை படிவம் இருக்கும்?"

அண்ணன் எண்ணிச் சொன்னார். "ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு." பிறகு யாரையும் பார்க்காமல், "நான்தான் மேடம் பூஜ்யம் போடச் சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க. சரி, எடுங்க."

அலமாரியிலிருந்து கட்டுகள் இறங்கின. மூன்றாம் பக்கம் பதினேழாம் கேள்வி எங்களைக் காப்பாற்றியது. பாலை நிலையத்துக்குக் கொண்டுபோவது யார்? முன் பக்கத்தில் சும்மா இருந்தவர் மூன்றாம் பக்கத்தில் கேன் தூக்கிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒன்பது. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மேடம் வாசிக்க, நான் திருத்த, அண்ணன் சரிபார்த்தார். இரண்டாம் நாள் மேடத்தின் குரல் கட்டிப்போய், வாசிப்பதை அண்ணன் எடுத்துக்கொண்டார்.

"மனைவி சும்மா. மூணாம் பக்கம் மனைவி. ஒம்பது. மருமக சும்மா. மூணாம் பக்கம் மருமக. ஒம்பது. தம்பி சும்மா. மூணாம் பக்கம்…" என்று புரட்டினார். "இவன் நெசமாவே சும்மாதான் இருக்கான். பூஜ்யம். நல்லா இருப்பா ராசா."

அப்படி நிஜமாகவே சும்மா இருந்தவர்கள் எழுபத்து நான்கு பேர் தேறினார்கள்.

படிவங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனாலும் அக்காவின் படிவம் வந்தபோது எனக்குத் தெரிந்தது. கணவன் மர அறுவை மில், மகள் இரண்டு, மாடு மூன்று, மனைவி சும்மா. ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது. பூஜ்யத்தை நான்தான் போட்டிருந்தேன், நல்ல உருண்டையாக. அதை அடித்து ஒன்பது எழுதினேன். அண்ணன் அடுத்த படிவத்துக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை இன்னொரு ஓட்டை தெரிந்தது. சும்மா இருப்பவர்களிடம் எத்தனை மணி நேரம் வேலை என்ற கேள்வியைக் கணக்கெடுப்பாளர்கள் கேட்கவே இல்லை. இருப்பது சும்மா, அப்புறம் எதற்கு மணி என்று தாண்டிப் போயிருந்தார்கள். மேடம் தலையில் கை வைத்தார். கடைசியில், முதலிலேயே ஒன்பது என்று சரியாகப் பதிவான வீடுகளின் சராசரியை எடுத்தோம். ஒரு நாளைக்கு எட்டரை மணி நேரம்.

"எட்டரையா?" என்றார் அண்ணன். "நம்ம ஆபீஸ் நேரமே எட்டுதானே மேடம்."

"அவங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் உண்டு" என்றார் மேடம்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டாவது தடவை ஓட்டினோம். இப்போது மாதிரி வேறு மாதிரி பேசியது. அடுத்த நிலையம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனால், நடக்க நேரம் போதாமல் மூன்றில் ஒரு வீடு ஒரு மாட்டை விற்றுவிடும். பால் குறையும், வருமானம் குறையும். அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட எங்களிடம் தெம்பில்லை. அண்ணன் மேசையிலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை 'நாளைக்குள்ள' சார் அறிக்கையின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன வாரம் ஒண்ணும் ஆகாதுன்னீங்க?"

"போன வாரம் அவங்கல்லாம் சும்மா இருந்தாங்க சார்" என்றார் மேடம். "இந்த வாரம் வேலை செய்றாங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "மேல நான் என்னன்னு சொல்றது மேடம், எனக்கும் ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம்தான் இருக்கு" என்றார். ஆனாலும் அறிக்கையை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. அடுத்த நிலையம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் இடங்களில் மூடுவதில்லை. நாற்பத்து மூன்றாவது வரியைப் பட்டியலிலிருந்து நானே நீக்கினேன். அன்று மாலையே அக்கா வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். பஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

மணி ஆறேகால் இருக்கும். மாமா குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் இரண்டு மாடுதான் நின்றன. மூன்றாவது முளையில் கயிறு இல்லை. அக்கா உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டியா."

"மூடலைக்கா. நம்ம நிலையத்தை மூடல. ஆணை வந்திருச்சு."

"ஓ" என்றாள். "நல்லதுதான்."

"மூணாவது மாடு எங்க?"

"குடுத்துட்டேன். பத்து நாளாச்சு."

"அவசரப்பட்டு ஏன்க்கா…"

"நீதானடி தலையை ஆட்டின." சொன்ன குரலில் கோபம் இல்லை. "ஆபீசுக்காரி ஆட்டினா சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன். உன் மெஷின் என்ன சொல்லுச்சு என்னைப் பத்தி?"

"தூரமாப் போனா மூணுல ஒரு வீடு மாட்டை வித்துடும்னு சொல்லுச்சு."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கு."

"மூடினாத்தான் விப்பாங்கன்னு சொல்லுச்சு. மூடலையேக்கா! இப்ப நெனைச்சா திரும்ப வாங்கிக்கலாம். மாமாகிட்ட பேசவா?"

அக்கா மல்லாந்து படுத்தாள். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகப் பார்த்தாள். காது வரைக்கும் போனது.

"பத்து நாளா ஆறு மணிக்கு மேலதான்டி எந்திரிக்கிறேன்" என்றாள். "சின்னவளுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தரம்தான் பால். உன் மாமா கணக்குப் பாத்துப் பாத்துப் புலம்புறாரு. எல்லாம் தெரியுது. ஆனா அந்த மாட்டைத் திரும்பக் கொண்டாந்து கட்டாத. கையெடுத்துக் கும்புடுறேன்."

நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களைப் புரட்டினோம். உழைத்தது போதும் என்று யாராவது நினைக்கிறார்களா என்று கேட்க அதில் ஒரு கேள்வியும் இருந்ததாக நினைவில்லை. வெளியே ஒரு மாடு கத்தியது. அக்கா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"படு, நான் கறக்குறேன்" என்றேன்.

"உனக்கு மறந்திருக்கும். உதைக்கும்."

"உதைச்சா உதைக்கட்டும்."

அது உதைக்கவில்லை. ஆனால் எனக்கு நேரம் பிடித்தது, விரல்கள் கடுத்தன. இரண்டு மாட்டுக்கும் சேர்த்து எட்டு லிட்டர்கூடத் தேறவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு நடந்தேன். எட்டு நிமிடம்தான் என்று நினைத்திருந்தேன், எனக்குப் பன்னிரண்டு ஆனது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள்தான். என் முறை வந்ததும் பால் அளப்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா வரலையா? உடம்புக்கு முடியலையா?"

"இல்லண்ணே" என்றேன். "தூங்குறாங்க."