இல்லாத ஓடை

2022 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை, காரைக்குடி. பகல் பதினொன்றே கால் மணிக்கு, அடைப்பைப் பார்ப்பதற்காகத் துப்புரவுத் தொழிலாளி மருது கடைவீதியிலிருந்து மூடுகால்வாய்க்குள் இறங்கினார். பதினொன்றரைக்கு மேற்கே மழை பிடித்தது.

பன்னிரண்டு மணிக்கு மெய்யநாதன் தன் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் தனியாக நின்றிருந்தார். காலடியில் இரும்பால் கல்லைத் தட்டும் சத்தம். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று.

அந்த மூடுகால்வாய் ஒரு காலத்தில் திறந்த ஓடை. மேற்குப் பொட்டலில் விழுந்த மழையையெல்லாம் ஊருணிக்குக் கொண்டுவந்தது. வீதியை அகலப்படுத்தியபோது பலகைக்கல் போட்டு மூடினார்கள். கல்மேல் கடைகள் வந்தன, கடைகளுக்குப் பின்னால் இந்த மண்டபம். கட்டும்போது மெய்யநாதன் ஒரு கல்லை மட்டும் பூசாமல் விட்டுவைத்தார், கழுவுநீர் இறங்குவதற்காக. இப்போது அதன்மேல் கிரைண்டர் நிற்கிறது. ஆக்கிரமிப்பு வழக்கில், தன் இடத்தில் ஓடையே கிடையாது என்று அவர் பிரமாணப் பத்திரம் கொடுத்து எட்டு மாதமாகிறது.

வாசலுக்கு வந்தார். மருதுவின் மனைவி ஈஸ்வரி நனைந்துபோய் நின்றாள். கயிறு அறுந்துவிட்டதாம், இறங்கிய குழியில் தண்ணீர் முட்டிவிட்டதாம். தீயணைப்புக்காரர்கள் எங்கே உடைப்பதென்று தெரியாமல் கடப்பாரையோடு நின்றார்கள்.

"ஐயா, ஒங்க மண்டபத்துக்குள்ள சத்தம் கேக்குதுங்கிறாக. ஒரு எட்டு பாக்க விட மாட்டீகளா?"

எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் வீரையா குரல் கொடுத்தார். "அங்குட்டு ஏம்மா போற? ஓடையே இல்லேன்னு எழுதிக் குடுத்த மனுசரு. இல்லாத ஓடைக்குள்ள ஒம் புருசன் எப்புடி இருப்பாரு?"



கல்லைக் காட்டினால் மண்டபம் போகும். பொய்ச் சத்தியத்துக்குத் தனி வழக்கும் வரும். எப்படியும் இவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மெய்யநாதன் தனக்குள் சொல்லிக்கொண்டார். தரை ஒன்றரை அடி கான்கிரீட் என்பதும், தேடி உடைக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். உள்பக்கம் காது கொடுத்தார். இரண்டு தட்டுத்தான் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

"உள்ள வாங்க" என்று முன்னால் நடந்தார். "கிரைண்டரை நகத்துங்க. கீழ இருக்கிறது பூசாத கல்லு. நெம்புனா வந்துரும்."

கடப்பாரையைச் செருகிக்கொண்டே தீயணைப்பு நிலைய அலுவலர், அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டார்.

"நாந்தான் விட்டுவச்சேன். எழுதிக்கங்க."

பன்னிரண்டு நாற்பதுக்கு மருதுவை உயிரோடு மேலே தூக்கினார்கள். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. அடுத்த விசாரணையில் மெய்யநாதன் பிரமாணப் பத்திரத்தைத் திரும்பப் பெற்றார். பிப்ரவரியில் சமையற்கட்டும் அதையொட்டிய சாப்பாட்டுக் கூடமும் இடிக்கப்பட்டன.