இருநூற்றுப் பன்னிரண்டாம் கிணறு

லினக்ஸ் இலவசம் என்று சொல்கிறவர்கள், அதோடு வரும் தலைவலியைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆம்பூர்க் கிணற்று நீரை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் புள்ளியியல் வேலை பார்த்த பிரிஸ்கில்லாவுக்கு அந்தத் தலைவலி 2005 கோடையில் வந்து சேர்ந்தது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளின் உரிமம் முடிந்துபோனது. 'ஆர்' என்ற இலவச மென்பொருளை லினக்ஸில் போட்டுச் சமாளித்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆர் ஒழுங்காக ஏறிவிட்டது. கிணறுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் துணைத் தொகுப்புதான் படாத பாடு படுத்தியது. கல்யாணத்துக்கு ஒரு பங்காளியைக் கூப்பிட்டால், இன்னொருவரைக் கைகாட்டி, 'அவன் வந்தால்தான் நான் வருவேன்' என்பாரே, அதே கதை. ஒரு தொகுப்பு இன்னொன்றைக் கேட்டது. அது, நிரலை இயங்கவைக்கும் கம்பைலர் ஒன்றைக் கேட்டது. அலுவலகத்தில் இணையம் கிடையாது. மகளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அன்று, லாங் பஜார் பிரவுசிங் சென்டரில் எல்லாவற்றையும் சிடியில் ஏற்றி வாங்கிவந்தாள்.

மகள் ஜாஸ்மினுக்கு ஐந்து வயது. இப்போதிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்த பிறகு கைகால்களில் கண்ட புண் ஆறவே இல்லை. மருந்து போட்டால் வாடும், நாலு நாளில் மறுபடி வெடிக்கும். குழந்தை சொறிந்து அழுவதைப் பார்க்கப் பெற்ற வயிறு எரிந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று டாக்டர் கேட்டார்.

"பாலாத்துத் தண்ணிதான் டாக்டர். ஓனர் கோதண்டபாணி மேல்தொட்டிக்கு ஏத்தி விடறாரு" என்றாள் பிரிஸ்கில்லா. ஊர்க் கிணற்றை எல்லாம் சந்தேகப்படுகிறவளுக்குத் தன் வீட்டுக் குழாயைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

மறுநாள் சிடியிலிருந்து துணைத் தொகுப்பை ஏற்றி, முதல் குலுக்கலைப் போட்டாள். பட்டியலில் இருந்தவை அறுநூறு கிணறுகள். திரையில் முதலில் வந்த எண் 212.

கிணறுகளிலிருந்து சோதனை மாதிரிகளை எடுத்துவரும் ஐசக் எட்டிப் பார்த்தான். "அது மூடின தோல் ஷாப்புக்குள்ள கீற கெணறுக்கா. கெணத்தையும் மூடியாச்சுன்னு சொல்றாங்க. வேற நம்பர் போடுங்க."

அவளுக்கு மனசில்லை. வருஷப்பிறப்பு ஆராதனையில் பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது, பிடிக்காததை வைத்துவிட்டு வேறு எடுக்கப் போனால் அம்மா கையிலேயே அடிப்பாள். எடுத்த சீட்டு எடுத்ததுதான். இருந்தாலும் மூடின கிணற்றில் தண்ணீருக்கு எங்கே போவது? மென்பொருளை மூடித் திறந்து மறுபடி குலுக்கினாள்.

முதல் எண் 212.

பிரிஸ்கில்லா சிரித்தாள். இது தெரிந்த சங்கதிதான். குலுக்கும் முன்பே வேலையைச் சேமித்திருந்தால் குலுக்கலின் தொடக்கப்புள்ளியும் கூடவே சேமிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்கி, வந்ததே வரும். சேமித்த கோப்பைத் தேடி அழித்தாள். கணினியை அணைத்துப் போட்டாள். குலுக்கினாள்.

212.

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. வைராக்கியமாக, ஹார்ட் டிஸ்கில் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸையே புதிதாகப் போட்டாள். ஆர், கம்பைலர், துணைத் தொகுப்புகள் என்று மறுபடி முதலிலிருந்து. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலேறி ஓடின. பிறந்த குழந்தை மாதிரி ஒன்றுமே அறியாத கணினி அது. அதனிடம் ஓர் எண் கேட்டாள்.

212.

"இன்னாக்கா இது, பேஜாரா கீது" என்றான் ஐசக். கணினியை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும்போது நாற்காலியில் உட்கார முடியவில்லை. "வண்டிய எடு. போய்ப் பாத்துடலாம்" என்றாள்.

பிரிஸ்கில்லா இதுவரை வந்திராத தெருவில், தோல் பதனிடும் அந்த ஷாப்பின் வாசலில் சங்கிலி தொங்கியது. பக்கச் சுவர் இடிந்திருந்த வழியாக உள்ளே போனார்கள். பட்டப்பகல், ஆனால் ஒரு காக்கை கூட இல்லை. தொழில் நின்று எத்தனையோ வருஷமாகியும் தொட்டிகளில் தோலும் ரசாயனமும் ஊறிய நெடி மிச்சமிருந்தது. கிணற்றின் மேல் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். தகரத்துக்கு அடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிஸ்கில்லாவுக்கு அந்த முனகல் பழகிய சத்தமாக இருந்தது. தினமும் காலையில், வீட்டுச் சமையலறைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும் சத்தம். பக்கத்து வீட்டு கிரைண்டர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

தகரத்தின் ஓரமாக ஒரு கறுப்புக் குழாய் வெளியே வந்து கருவேலம் புதருக்குள் போனது. அதைப் பிடித்துக்கொண்டே இருவரும் நடந்தார்கள். குழாய் ஓர் உயரமான மதிலில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அங்கே குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தோடு ஒரு குழந்தை ஞாயிறு பள்ளிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஐசக் கல்லில் ஏறி எட்டிப் பார்த்தான். "பாப்பா ஒண்ணு கை கழுவினு கீது. மேல தொட்டிக்குத்தான் போவுது பைப்பு. யாரு வூடுக்கா இது?"

அவள் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"எங்க வீடு" என்றாள். பிறகு மதிலைக் கைகளால் அறைந்தபடி, குழாயை மூடச் சொல்லி ஜாஸ்மினைக் கூப்பிட்டாள்.