மலையை வாங்க வந்தவர்

புதன்கிழமைகளில் ஸ்கெல்டன் பனிச்சறுக்கு மலைக்கு முகம் தெரியாத ஆள் வருவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்து நிறையக் கத்திக்கொண்டு வருவார்கள். இல்லையென்றால் பக்கத்து ஊரான ஃபேர்லியிலிருந்து ஆட்டுப்பண்ணைக்காரர்கள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அதை மறைக்கத் தெரியாத முகத்தோடு வந்து நிற்பார்கள். அதனால் வாடகைக் காரிலிருந்து நடுத்தர வயது ஆள் ஒருவர் தன்னந்தனியாக இறங்கியதும், டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நின்ற ரேவின் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

இறங்கிய ஆள் முதலில் என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து இரண்டு பழைய காலுறைகளை எடுத்துக் காரின் கண்ணாடித் துடைப்பான்களில் மாட்டினார். அந்த மலையில் திரியும் கியா கிளிகள் ரப்பரைப் பிய்த்துத் தின்றுவிடும் என்பது சுற்றுலா வருகிறவர்களுக்கு, ரப்பர் போன பிறகுதான் தெரியும்.

"இவன் சும்மா வந்தவன் இல்ல," என்றாள் ரேவின்.

பக்கத்தில் நின்று பன்றிக்கறி வைத்துச் சுட்ட அப்பம் தின்றுகொண்டிருந்த அவள் தம்பி நெவில் எட்டிப் பார்த்தான். "விவரமான ஆளா இருப்பான்."

"நீ வரச் சொன்னியா?"

"நான் யாரை வரச் சொன்னேன்? என் முழங்கால் மேல சத்தியம்."

"உன் முழங்கால்தானேடா மலையையே விக்கச் சொல்லுச்சு!"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா ஒரு பழைய லாரியின் என்ஜினைக் கழற்றிக் கொண்டுவந்து, கயிறு பூட்டி, பனியில் சறுக்க வருகிறவர்களை மேலே இழுக்க ஆரம்பித்த மலை இது. இப்போது பாதி அவளுக்கு, பாதி நெவிலுக்கு. ஏரிக்கரையில் பெரிய பனிச்சறுக்கு விடுதி நடத்தும் கம்பெனி போன இலையுதிர் காலத்தில் ஆள் அனுப்பி விலை கேட்டது. முழங்கால் வலி தாங்கவில்லை, விற்றுவிட்டுக் கடலோரமாகப் போய் உட்காரலாம் என்று நெவில் ஒரே ஒருமுறை சொன்னான். அதற்கே அக்காள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. மலை தன் மகள் ப்ரையருக்கு. அதில் பேச்சுக்கே இடமில்லை. ப்ரையரைக் கேட்டாளா என்றால், கேட்கவில்லை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

வந்தவர் ஜன்னலுக்கு வந்தார். பேச்சில் வெளிநாட்டு வாடை அடித்தது. பெயர் எமில் என்றார்.

"ஒருநாள் டிக்கெட் கொடுங்க. பாக்குவெட்டி என்கிட்டயே இருக்கு."

ஓடுகிற கயிற்றைக் கவ்விப் பிடித்து மேலே போவதற்காக இடுப்புப் பட்டையில் தொங்கும் இரும்புக் கிடுக்கிதான் பாக்குவெட்டி. எல்லோரும் அதை வாடகைக்குத்தான் எடுப்பார்கள். சொந்தமாக வைத்திருக்கிறவன் என்ன மாதிரி ஆள்? ரேவினின் சந்தேகம் ஒரு படி ஏறியது.

"பனியை அருமையா சமன் பண்ணியிருக்காங்களே. யார் வேலை?"

ஆழம் பார்க்கிறான், என்று நினைத்துக்கொண்டாள். நல்ல மலை என்று தெரிந்தால்தானே வாங்குவான்? "இன்னைக்கு ஏதோ அதிர்ஷ்டம்," என்றாள். "வழக்கமா குண்டும் குழியுமாத்தான் கிடக்கும். மழை பெய்ஞ்சா ரோடும் போயிடும். சாப்பிடக் கொண்டுவந்திருக்கீங்கல்ல? எங்க சூப்பு நேத்து வச்சது."

நெவில் அப்பத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு ரேவின் கண்கொத்திப் பாம்பாக அந்த ஆளையே கவனித்தாள். அவர் சறுக்கியது கொஞ்சம், நோட்டம் விட்டது அதிகம். சரிவின் நடுவே மண்டியிட்டு, பனியைச் சமன் செய்யும் வண்டி போட்டிருந்த வரிகளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காற்றில் பனி பறந்து போகாமல் தடுக்கும் மரவேலிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்கீயை மாட்டிக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

"இங்க வேலையெல்லாம் யாரு பாக்குறா?" என்று அவரே ஆரம்பித்தார். "இந்த வேலி, கயிறு, எல்லாம்?"

"ஒரு பொண்ணு இருக்கா."

"எப்படி?"

கம்பெனிக்காரன் வேலைக்காரர்களையும் சேர்த்து எடைபோடுகிறான் என்று ரேவின் நினைத்தாள். எல்லாமே ஓட்டை உடைசல் என்று நம்பினால் வந்த வழியே போய்விடுவான்.

"அதை ஏன் கேக்குறீங்க? வேலி போட்டா காத்துல சாஞ்சிடும். கயிறு பின்னினா அறுந்துடும். வண்டியை இந்த சீசன்ல ரெண்டு தடவை பள்ளத்துல விட்டா. இப்பக்கூடப் போய்ப் பாருங்க, இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குறா."

கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. விடியும் முன்பே எழுந்து மலை முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்த ப்ரையர் தூங்காமல் என்ன செய்வாள்?

எமிலின் முகம் விழுந்துவிட்டது. "அப்படியா?" என்றார். கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தார். "நான் வேற மாதிரி கேள்விப்பட்டேன்." பாக்குவெட்டியைக் கழற்றிக்கொண்டு கார் நிற்கும் பக்கம் சறுக்கிப் போனார்.

ரேவினுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சமையலறைக்குள் பாடிக்கொண்டே நுழைந்தாள். அங்கே ப்ரையர் தலைமுடி கலைந்து, கையில் தேநீரோடு ஜன்னலருகே நின்றிருந்தாள்.

"அம்மா, அந்த ஆளு எப்ப வந்தாரு?"

"காலையில. ஏன்?"

"ஐயோ! இந்த வாரம் வருவேன்னாரு, இன்னைக்கேன்னு சொல்லலையே." ப்ரையர் தேநீரை வைத்துவிட்டு முடியை அவசரமாக முடிந்தாள். பிறகு நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். அவருக்கு கனடாவுல மலை இருக்கு. இந்த மாதிரியே சின்ன மலை, குடும்ப மலை. பனி வேலை மொத்தத்தையும் என்கிட்ட விடறேங்கிறாரு. மூணு வருஷம். என் வேலையை நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்னாரு."

"என்னைப் பத்திச் சொன்னியா?"

"முதலாளின்னுதான் சொன்னேன், அம்மான்னு சொல்லல. சொன்னா வீட்டுப் பொண்ணு, செல்லத்துக்கு வச்சிருக்காங்கன்னு நினைப்பாங்க." அவள் நிமிர்ந்தாள். "எனக்கு இங்க பிடிக்காம இல்லம்மா. ஆனா நான் வேற மலையே பார்த்ததில்ல."

ரேவின் சூப்புப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவருகே வந்திருந்த நெவில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். அக்காளையே பார்த்தான். அவள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. கார் போய்விடும். கனடாக்காரருக்குப் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். ப்ரையர் சில நாள் அழுவாள், பிறகு வண்டியில் ஏறிவிடுவாள். மலை கைவிட்டுப் போகாது, மகளும் போகமாட்டாள். போனவர்கள் திரும்பியதை ரேவின் இந்த ஊரில் பார்த்ததில்லை. வேறு தேசத்தில் ஒரு குளிர்காலம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு கல்யாணப் படம்தான் வரும்.

பிடித்திருந்த பானை கையைச் சுட்டது. "நீ இங்கேயே இரு," என்று மகளிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதற்கு கியாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு கிளி காலுறையை உருவிவிட்டு ரப்பரை இழுத்துக்கொண்டிருக்க, எமில் கையுறையை வீசி அதை விரட்டிக்கொண்டிருந்தார்.

"நான் காலையில சொன்னதெல்லாம் பொய்," என்றாள் ரேவின், மூச்சு வாங்க. "அவளை மாதிரி ஆள் இந்த நாட்டுலயே கிடையாது."

எமில் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. வேலைக்கு ஆகாத ஆளை என் தலையில கட்டப் பார்க்குறீங்களோ?"

"நீங்க மலையை வாங்க வந்தீங்கன்னு நினைச்சேன்."

"நல்ல கதையா இருக்கே!"

இப்போது சந்தேகம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு சொன்னாலும் அந்த முகம் இளகவில்லை. சொன்ன பொய்யை ஆள் நம்பிவிட்டார், உண்மையைத்தான் நம்பமாட்டேன் என்கிறார். ரேவினுக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது, தன் வாய் மேல்தான். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கயிற்றடியில் நிறுத்தினாள்.

"உங்க மலையிலயும் கயிறுதானே? அப்ப இணைப்பு கைக்குத் தெரியும்ல? போன மாசம் அறுந்ததை அவதான் பின்னினா. எங்கன்னு காட்டுங்க."

கழுத்திலிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து, ஒரு சுற்று முடிவது தெரிவதற்காகக் கயிற்றில் கட்டினாள். பின்னாலேயே ஓடிவந்து என்ஜினருகே நின்ற தம்பியிடம், "நெவில், மெதுவா விடு!" என்று கத்தினாள்.

கயிறு நகர்ந்தது. எமில் கையுறையைக் கழற்றிவிட்டு, விரல்களை வளையமாக்கி அதற்குள் கயிற்றை ஓடவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். துண்டு மலையேறிப் போய் மறைந்தது. இணைப்பு இருந்தால் அந்த இடம் தடித்திருக்கும், கை அதைச் சொல்லிவிடும். அவர் கை ஒன்றும் சொல்லவில்லை. சிவப்புத் துண்டு முழுச் சுற்றும் சுற்றிவிட்டு ஈரமாகத் திரும்பி வந்தது.

"எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கும் தெரியாது. நானும் தேடிப் பார்த்துட்டேன்."

எமில் உள்ளங்கையைப் பார்த்தார். சந்தேகம் இன்னும் முழுக்கப் போகவில்லை. "இப்படி வேலை தெரிஞ்ச ஆளை எந்த முதலாளி விடுவாங்க?"

"முதலாளி விடமாட்டா. நான் அவ அம்மா."

அவர் கையுறையைத் தேடி எடுத்தார். "என் பையனுக்குப் பனின்னாலே ஆகாது," என்றார் பிறகு. "ஊர்ப்பக்கமே வர்றதில்ல." கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "வேற என்னெல்லாம் பொய் சொன்னீங்க?"

"சூப்பு நேத்து வச்சது இல்ல, இன்னைக்கு வச்சது. உள்ள போங்க, அவ காத்துக்கிட்டு இருக்கா."

அவர் போனார். கதவு திறந்தது, ப்ரையரின் சிரிப்புச் சத்தம் ஒரு நொடி வெளியே வந்தது, கதவு மூடிக்கொண்டது. ரேவின் துண்டை அவிழ்த்துப் பிழிந்துகொண்டு என்ஜின் கொட்டகைக்குள் போனாள்.

"என்ன, வித்துட்டியா?" என்று கிண்டலாகக் கேட்ட நெவில், அக்காளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான்.

"விக்கலடா. கொடுத்துட்டேன்."

அவன் என்ஜினை நிறுத்தக் கையை நீட்டினான். அந்த ஓசை நின்றுவிட்டால் அவள் அழுவது சமையலறை வரைக்கும் கேட்கும்.

"ஓடட்டும், விடு," என்றாள்.