கொரியாக்காரன் வீட்டுத் திதி

மாடியில் குடியிருக்கும் கொரியாக்காரன் மேல் பூமிநாதனுக்கு நம்பிக்கையே கிடையாது. துறைமுகத்துக் கிரேன் வேலைக்கு வந்தவன், பெயர் தேஹோ. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் சந்தேகம். வேலை விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான். தின்பது, சிரிப்பது, அழுவது எல்லாம் போனோடுதான். தருமபுரத்தில் ஒருத்தர் வாசலிலும் அவன் நின்றதில்லை. பூமிநாதனும் வாவென்று கூப்பிட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடியேறினால், கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே ஏசி ஓடுகிறது.

"கரண்டு என்ன இவன் பாட்டன் வீட்டுதா?" என்று இழுத்துச் சாத்தினார்.

தேஹோ பாய்ந்து வந்து திறந்தான். இவர் மறுபடி சாத்தினார். அவன் மறுபடி திறந்தான். கண் சிவந்திருந்தது. போனில் ஏதோ பேசி இவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அது பெண்குரலில், "என் தந்தை வருகிறார். தயவுசெய்து கதவைத் திறந்து வையுங்கள்" என்றது.

"அப்பன் வேற வரானா? ஒரு ஆளுக்குத்தானய்யா வாடகை பேசுனது! சௌந்தரம், இங்க வா!"

மூச்சு வாங்க ஏறிவந்த மனைவி சௌந்தரவல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில் துணி விரித்து, பழம், பொரித்த மீன், கரண்டி குத்தி நிறுத்திய சோறு. ஊதுபத்திப் புகைக்கு நடுவே ஒரு பெரியவர் படம். பக்கத்தில் லேப்டாப்புக்குள் அவன் அம்மாவும் அக்காவும் அதேபோல் படைத்துவைத்துக் காத்திருந்தார்கள்.

"வாடகை கேக்குற மூஞ்சியப் பாரு! செத்துப்போன அப்பாங்க. திதி குடுக்குறான். கதவச் சாத்துனா மனுசன் எப்படி உள்ள வருவாரு?"

அமாவாசைக்குக் காக்கை வரும்வரை தெருநாயைக் கல்லால் விரட்டுகிற ஆள் பூமிநாதன். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

தேஹோ குனிந்து தரையில் நெற்றி வைத்தான். அந்த நேரம் பார்த்து கரண்டு போனது. நெட்டும் போனது. லேப்டாப்பில் அம்மாவைக் காணோம். அடுத்தடுத்து என்ன செய்யவேண்டுமென்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் போலும். அவன் மண்டியிட்டபடியே கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கும்புடுறா. அப்பன் வந்தாச்சு. அவங்க வரலேன்னு இவரு திரும்பிப் போயிடுவாரா?" என்று பூமிநாதன் படத்தைக் காட்டிக் கைகூப்பினார்.

பேச்சு புரியவில்லை, கைச்சாடை புரிந்தது. தேஹோ இன்னொரு தடவை விழுந்து கும்பிட்டான். பிறகு சோற்றை ஒரு கிண்ணத்தில் மட்டும் போட்டுக்கொண்டான்.

"படைச்சத ஒத்தையில திங்காத" என்று பூமிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே சம்மணம் போட்டார். "சௌந்தரம், நீயும் உக்காரு. மீனு வாசம் நல்லாத்தான் இருக்கு."

கரண்டு வந்ததும் லேப்டாப் கூப்பிட்டது. வாயில் சோறோடு தேஹோ எடுத்தான். அம்மா, மகனுக்கு எதிரே முள் எடுத்துக்கொண்டிருந்த கிழவரை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"என்னவாம்டா?" என்றார் பூமிநாதன். "உப்பு பத்தலன்னு சொல்லு."